பூனைக்குக் குரல் கொடுத்தவர்

புதுப்பட்டினத்து லோக்கல் கேபிளில் பழைய கார்ட்டூன்களை வெட்டி ஒட்டி, வேறு வசனம் பேசவைத்து, பெரியவர்களுக்கென்று இரவில் போடுகிறார்கள். அதில் வரும் பூனைக்கு அந்தக் காலத்தில் தமிழில் குரல் கொடுத்தவர் என் கணவர். போன ஐப்பசியில் போய்விட்டார். அவர் குரல் வேறெதிலும் எங்களிடம் இல்லை. டிவியின் நீல வெளிச்சம் தட்டில் ஆறிப்போன தோசைமேல் ஆடுகிறது. பூனை வாய் திறக்கிறது. யாரோ ஒரு பையனின் குரலில் சர்க்கரை மாத்திரை பற்றிப் புலம்புகிறது. "இன்னா அண்ணி, பூனையப் போய் இப்டி மொறச்சிகினு கீற?" என்று நாத்தனார் பூங்கொடி சிரிக்கிறாள். வியர்த்த விரல் ரிமோட்டில் வழுக்க, சத்தத்தைக் கூட்டுகிறேன். பூனை சுவரில் மோதுகிறது. பின்னணி மேளத்துக்கு நடுவே, மாற்றாமல் விட்ட அவர் சிரிப்பு, மூன்று முறை, அச்சடித்த மாதிரி. "ஐயோ, நம்ம அண்ணன் கொரலு அண்ணி!" பூங்கொடி எழுந்துவிடுகிறாள். நான் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பதற்கு முன் அவர் இழுக்கும் மூச்சை மட்டும் வெட்டிவிட்டிருக்கிறார்கள்.