லேபைப் பார்க்க வந்தவர்

"டீ மட்டுந்தானா? போண்டா கெடைக்காதா?"

நாற்காலியில் உட்கார்ந்ததும் பள்ளி ஆய்வாளர் தெய்வசிகாமணி கேட்ட முதல் கேள்வி இதுதான். தலைமையாசிரியை கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேபைப் பார்த்து, பிளஸ் டூ சயின்ஸ் குரூப்புக்குச் சிபாரிசு எழுத வேண்டிய மனுஷன், வந்ததும் வராததுமாகத் தீனி கேட்கிறார்.

ஒரு வகையில் நிம்மதியும்தான். ஏனென்றால் லேப் அறை காலி. மைக்ரோஸ்கோப், தராசு, கண்ணாடிக் குழாய் எல்லாம் இன்னொரு அரசுப் பள்ளியிலிருந்து இரவல் வர வேண்டும். அங்கே காலையில் இதே ஆய்வு முடிந்த பிறகுதான் எடுக்க முடியும். பியூன் ராஜாங்கம் சைக்கிளில் போயிருக்கிறார்.

சாமான் இருந்தால்தான் குரூப் தருவார்கள். குரூப் இருந்தால்தான் சாமான் தருவார்கள். கமலவேணி வேறென்ன செய்வாள்? இந்த வருஷம் பத்தாவதில் அத்தனை பெண்களும் பாஸ். எல்லாம் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். இங்கே குரூப் இல்லையென்றால் படிப்பு இதோடு சரி.

போண்டா வந்தது. தெய்வசிகாமணி நிதானமாகச் சாப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு சொல்லுங்கம்மா. சட்னி நல்லாருக்கு."

ஜென்மத்தில் போண்டாவையே பார்க்காதவர் மாதிரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, கமலவேணி ஜன்னலைப் பார்த்தாள்.

அவர் கை கழுவினார்.

"லேபைப் பாத்துடலாமா?"

அவள் மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே, போர்வை மூட்டையோடு ராஜாங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"சார், இன்னொரு டீ?"

"கேக்கணுமா?" மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

டீ தீர்வதற்குள் லேப் தயார். தெய்வசிகாமணி மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "ரொம்பத் திருப்தி" என்று சிபாரிசு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கமலவேணிக்குத் தலைகால் புரியவில்லை. இப்போதே ஓடிப்போய்ப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஸ்கூட்டர் வரை வழியனுப்பப் போனாள்.

"அடுத்து எங்க சார்?"

"இன்னொரு ஸ்கூல். அங்கயும் லேப்தான்." குரலைத் தாழ்த்தினார். "காலையில பாத்ததும் இதே மைக்ரோஸ்கோப்தாம்மா. அங்கயும் இதுதான வரணும்? நான் பீச் ரோட்டால சுத்திக்கிட்டுப் போறேன். உங்க பியூனைக் கொஞ்சம் வேகமா மிதிக்கச் சொல்லுங்க. எனக்கு அல்சர், இன்னொரு போண்டா தாங்காது."