மோகன் கொடுத்த வெள்ளை மீன்

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் மிச்சமான கருங்கல் துண்டுகளைப் பூபாலன் மீன்தொட்டிக்குள் இடம் மாற்றி அடுக்குகிறான். ஏஞ்சல் மீன் ஒரு மூலையைத் தனதென்று பிடித்துக்கொண்டால் மற்றதை அண்டவிடாது. கற்களைக் கலைத்துவிட்டால் எல்லை குழம்பிப் பெரும்பாலும் சண்டை ஓயும். சாயங்கால வெயில் கலங்கிய தண்ணீருக்குள் சாய்ந்து விழுகிறது. இந்த வீட்டில் குடிபுகுந்த அன்று நண்பன் மோகன் பரிசாகக் கொடுத்த வெள்ளை ஏஞ்சல் மீனோ, இடம் மாறிய கற்களைத் திரும்பியும் பார்க்காமல், நேரே வரிமீனைத் தேடிப் போகிறது. பூபாலன் குஞ்சிலிருந்து வளர்த்த அந்த வரிமீன், துடுப்பெல்லாம் கிழிந்து, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி மூச்சு வாங்குகிறது. ஃபோன் ஸ்பீக்கரில் மோகன் சிரிக்கிறான். “அது அப்டித்தான் மச்சான். என் வூட்டுத் தொட்டில மூணு மீன சாவடிச்சிச்சு. அதான் உன்கிட்ட தள்ளிவுட்டேன்.” “சாதுவான மீனுன்னியேடா?” “நெசத்தச் சொல்லிருந்தா வாங்கிருப்பியா இன்னா?” தண்ணீருக்குள் பூபாலனின் கை கல்லைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறது. அவன் ஃபோனை அணைக்கிறான். சின்ன வலையை எடுத்து மெல்ல இறக்குகிறான். அவன் விரல்களைக் கண்டதும், தீனிதான் வருகிறது என்று நம்பி, வெள்ளை மீன் வாயைத் திறந்தபடி மேலே ஏறி வருகிறது.