லாரி நெற்றியில் இருந்த எழுத்து

லாரியின் நெற்றியில் இருந்த ‘ஆண்டவருக்கே மகிமை’ என்ற எழுத்தை அழிக்கச் சொன்னார் ஓனர் தோமினிக். பெயிண்டர் தனபாலுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏனுங்ண்ணா, மதம் மாறிட்டீங்களா?”

“இல்லீங்க. எடப்பாடி ரோட்டுல டிரைவர் ஒரு பெரியவரை உரசப் பார்த்துட்டு, அவரையே அசிங்கமாத் திட்டிட்டான். அவரு இந்த எழுத்தைக் காட்டி, ‘உங்க சாமி இப்படித்தான் பேசச் சொல்லுச்சுங்களா’ன்னு கேட்டாரு.”

“அப்ப டிரைவரை நிறுத்துங்க. எழுத்து என்ன பண்ணுச்சு?”

“அவனை நிறுத்த முடியாதுங்க. இதை அழிச்சுட்டு, உள்ளே ஸ்டியரிங்குக்கு மேல எழுதுங்க.”

“அங்க எழுதினா ரோட்டுல போறவங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“டிரைவருக்குத் தெரிஞ்சாப் போதும்.”

குழப்பம் தீராமலே தனபால் எழுதி முடித்தார்.

“வண்டி ரெடிங்க. டிரைவர் எப்ப வாராரு?”

தோமினிக்கே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டார்.