எல்லாமே தப்பு

“இன்னைக்கும் கண்ணாடி இல்லாம வந்துட்டாளா?”

கண்ணாடிக் கடைக்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது. மகளின் தோழி திங்கட்கிழமை மறந்துவிட்டாளாம். செவ்வாய்க்கிழமை தம்பி அதன்மேல் உட்கார்ந்துவிட்டானாம். ஆக, தினமும் கடையின் பின்னறையில் மகள்தான் அவளுக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறாள்.

மகளுக்கே வாசிப்பு தகராறு. எழுத்தெல்லாம் இடம் மாறி ஆடுகிறது என்பாள். போன பரீட்சையில் மூன்று பாடத்தில் கோட்டை விட்டிருந்தாள். பத்தாம் வகுப்பு இறுதிப் பரீட்சைக்குப் பத்தே நாள். இதிலும் போனால் ஒரு வருஷம் வீண்.

“அவ பக்கத்து வகுப்புல முதல் ரேங்க். அவளுக்கு நீ எடுபிடியா?”

“பாவம்ப்பா. கிட்டத்துல இருக்கறது எதுவும் தெரியலங்கறா.”

“இதோ, இப்பவே தெரிய வைக்கிறேன். ஓசியிலேயே ஒண்ணு போட்டுவிடறேன். தொல்லை ஒழியட்டும்!”

தோழி எவ்வளவோ மழுப்பிப் பார்த்தாள். விடவில்லை. திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, எண்கள் அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்தார்.

“படி.”

கட்டைவிரல் அளவு இருந்த எட்டை “மூணு” என்றாள். ஐந்தை “ஒண்ணு” என்றாள். முப்பது எண்ணும் தப்பு.

கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, இருபது வருஷமா கண் பார்க்கறேன். சுத்தமாத் தெரியாதவங்ககூட குத்துமதிப்பா ரெண்டு மூணு சரியாச் சொல்லிடுவாங்க. ஒண்ணு விடாம தப்பாச் சொல்லணும்னா, எல்லாம் நல்லாத் தெரியணும்!”

தோழி திருதிருவென விழித்தாள். தப்பிலும் முழு மதிப்பெண் வாங்கிய முதல் ரேங்க்!

“எதுக்கு இந்த நாடகம்?”

“மெதுவா பேசுங்க அங்கிள். யாராவது சொல்லித்தர வந்தா அவ வாயே திறக்க மாட்டா. எனக்கு உதவின்னாதான் கூச்சப்படாம வாசிக்கறா. போன மாசம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. இப்போ பத்து நிமிஷம். அவ பாஸாகிடுவா அங்கிள். கெடுத்துடாதீங்க.”

கடைக்காரருக்கு, இவளையா தொல்லை என்றோம் என்று வெட்கமாக இருந்தது.

“அப்பா!” திரைக்கு வெளியே மகளின் குரல். “அவ கண்ணுக்கு ஒண்ணுமில்லையே?”

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர், முகத்தைப் படு சீரியஸாக வைத்துக்கொண்டார்.

“ரொம்ப மோசம்மா. பரீட்சை முடியற வரைக்கும் இவளுக்கு எந்தக் கண்ணாடியும் சரிப்படாது. ஒரு வரி விடாம நீதான் வாசிச்சுக் காட்டணும்!”