மாடிக்குப் போகும் கயிறு

"பெரியவர் மாடியில கயித்தை இழுத்தா, இங்க சமையலறையில மணி அடிக்கும். அந்தம்மா போட்டது போட்டபடி மேல ஓடுவாங்க." நினைவு இல்லத்து வழிகாட்டி ஐந்து வருஷப் பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"நல்ல அதிகாரம்தான்!" என்று கூட்டம் முகம் சுளித்தது.

பின்னால் நின்ற பெண்மணி மட்டும் சிரித்தார். "பழுது பாத்தப்ப மணியை இடம் மாத்தி மாட்டிட்டீங்க. அது மாடியில, அப்பா மேசைக்கு மேல தொங்கினது. இழுக்கிற கயிறுதான் இங்க, அடுப்புப் பக்கம்."

அப்பாவா? வழிகாட்டி முகத்தில் அசடு வழிந்தது. இருந்தாலும் விடவில்லை. "இந்தா இருக்கு மாடி. அம்மா ஒரு குரல் கொடுத்தா போதாதா?"

"அம்மாவுக்குப் பேச வராதுங்க" என்றபடி அவர் கயிற்றைத் தடவினார். "ஒரு இழுப்புதான். அப்பா ரெண்டு ரெண்டு படியா தாவி வருவார்."