கப்பலை விட்டு இறங்கிய நைட்டி

“நைட்டி போட்டுக்கிட்டு கப்பல்ல இருந்து இறங்கின ஆம்பளை இந்த இந்தியாவுலேயே நான் ஒருத்தன்தான், சம்பந்தி. கேப்டனே சல்யூட் அடிச்சார்.”

மோர்க்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை அப்படியே நின்றது.

இந்தக் கதையை மட்டும் அவர் இதுவரை யாரிடமும் அவிழ்த்துவிட்டதில்லை.

மகள் கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டார் முதன்முதலாக விருந்துக்கு வந்திருந்தார்கள். அவள் பட்டுப்புடவையில் இருந்தாள். மடிப்பு கலையாமல், தோளில் பின் குத்தி.

“பச்சை நைட்டி. மஞ்சள் பூ. ஒவ்வொண்ணும் இந்த இலை அகலம். தோள்ல துண்டு. பேண்டு வாத்தியம் முழங்குது. ரெண்டாயிரம் பேர் போட்டோ எடுக்கிறான்.”

சம்பந்தி தனபாலனுக்குப் புரையேறியது.

“எதுக்குங்க நைட்டி?”

“காத்தோட்டத்துக்கு.”

பந்தி முழுக்கச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் இருவரும் திருகோணமலை வரை போய்த் திரும்பிய சுற்றுலாக் கப்பல் அது. கடைசி இரவே பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும்; கப்பல்காரர்களே கரையில் இறக்கிவிடுவார்கள். இவரோ ரயில்வே தபாலில் மூட்டை கட்டியே ரிட்டயர் ஆனவர். ஒரு சாமான் மூட்டைக்கு வெளியே கிடந்தால் கை அரிக்கும். அவள் தலைசுற்றலுக்கு மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள். காலையில் கட்டிக்கொள்ள நாற்காலியில் எடுத்து வைத்திருந்த அவள் புடவையையும் சேர்த்து மடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, வெளியே தள்ளிவிட்டார்.

விடிந்தது.

அவருடைய பேண்ட்டும் சட்டையும் கொக்கியில் தொங்கின. அவள் உடம்பில் ஒரு நைட்டி. குளியலறையில் அலசிப் போட்ட இன்னொன்று.

கப்பலோ சொன்ன நேரத்துக்கு முன்பே சென்னையில் வந்து நின்றுவிட்டது. அறையைக் காலி செய்யச் சொல்லிக் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

பால் பாக்கெட் எடுக்கக்கூட நைட்டியோடு வாசலுக்கு வராதவள் அவள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவரைத் திட்டக்கூட இல்லை.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

குளியலறைக்குள் போனார். வெளியே வந்தபோது பச்சையும் மஞ்சளுமாக இருந்தார். பாதி ஈரம். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது நைட்டி. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், அவள் போடுகிற மாதிரியே.

“நான் முன்னாடி போறேன். நீ பின்னாடியே வா.”

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. தேர்தலில் ஜெயித்தவர் போல இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே இறங்கினார்.

“நீங்க சொல்லுங்க, சம்பந்தியம்மா.” தனபாலன் அவள் பக்கம் திரும்பினார். “இதுல ஏதாவது நிஜம் உண்டா?”

அவர் அளப்பார், அவள் வெட்டுவாள். அந்த வீட்டு வழக்கம் அதுதான். ‘ரீல் விடுறார்’ என்று ஒரு வார்த்தை போதும்.

இலையைப் பார்த்துக் குனிந்தபடியே அவர் கண்ணைச் சிமிட்டினார்.

வெட்டிவிடு.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“கேப்டன் சல்யூட் எல்லாம் அடிக்கலை. பேண்டு வாத்தியமும் கிடையாது.”

மறுபடியும் சிரிப்பு. அவரும் சிரித்தார், தப்பித்தவர் போல.

“நைட்டி நிஜம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார்.

“இவருக்குப் பின்னாடி இன்னொரு நைட்டியும் இறங்குச்சு,” என்றாள். “அதை யாரும் பார்க்கலை.”