வேருக்குள் ஒரு ஊசிமுனை

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டினார் அரியலூர்ப் பல் டாக்டர் கோகுலகிருஷ்ணன்!

கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேருக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு. ரூட் கெனால் செய்யும்போது முறிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஊசிமுனை. எந்தப் பல் டாக்டருக்கும் என்றாவது ஒரு நாள் நடப்பதுதான். நடந்தால் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். இந்த மனுஷன் சொல்லாமல் பூசி மூடி அனுப்பியிருக்கிறார்.

நாற்காலியில் சாய்ந்திருந்த இருசம்மாளுக்குச் சொந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கத்து ரஞ்சன்குடி. மகளைக் கட்டிக்கொடுத்த அரியலூருக்குப் போன இடத்தில் கோகுலகிருஷ்ணனிடம் பல்லைக் காட்டியிருக்கிறார். அவரோ பெரம்பலூரில் என்னிடம் போகச் சொல்லிவிட்டாராம்.

சும்மா அனுப்புகிற ஆளா அவர்?

ஆறு மாதமாக அரியலூர்ப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு நோயாளிகூட வரவில்லை. என் வேலையைப் பற்றி அவர்தான் ஏதோ ஓதி வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். வாயைத் திறந்தால் ஒற்றுமை. இரண்டு மாவட்டத்துப் பல் டாக்டர்களும் ஒரே சங்கமாக இருக்க வேண்டும், ஒருவர் வேலையை இன்னொருவர் குறை சொல்லக் கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். ஏன் பேசினார் என்று இப்போதல்லவா தெரிகிறது! தன் சொதப்பலை என் தலையில் கட்டப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு வேறு நிற்கிறார்.

கையுறையைக் கழற்றினேன். எக்ஸ்ரேயைச் செல்போனில் படமெடுத்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டேன்.

'அரியலூரிலிருந்து வந்த வேலை. ஊசி உள்ளே. நோயாளிக்குத் தெரியாது. ஒற்றுமை பேசுகிறவர் பதில் சொல்லட்டும்.'

குழுவில் அறுபத்து மூன்று பேர். ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்பாடா என்றிருந்தது.

அந்த அம்மாள் வாயாலேயே வரட்டும் என்று, அரியலூர் டாக்டர் இந்தப் பல்லில் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணும் பண்ணலிங்க, படம் மட்டுந்தான் எடுத்தாரு. இந்தப் பல்லுக்கு வைத்தியம் பண்ணது நீங்கதான? கொரோனாவப்ப தலையிலேருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு நின்னீங்களே! அவருகிட்ட உங்க பேரத்தான் சொன்னேன். நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, மிச்சத்தையும் அவங்களே பாத்துக்குவாங்கன்னு அனுப்பிவுட்டாரு."

எக்ஸ்ரேயை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடிக் கவசம், உள்ளே மூச்சு படிந்து பாதி தெரியாமல் அவசர அவசரமாகச் செய்த வேலைகள். முறிந்தது எனக்கே தெரியவில்லை.

மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பியிருக்கிறேன்.

செல்போனை எடுத்தேன். எல்லோரும் பார்த்தாயிற்று; இனி அழித்தும் பயனில்லை. 'யார் அது?' என்று ஏழு பேர் கேட்டிருந்தார்கள். 'பெயரைச் சொல்லுங்கள் மேடம்' என்றார் ஒருவர்.

பெயர் தெரிந்தவர் என்னைத் தவிர அந்தக் குழுவில் ஒரே ஒருவர்தான். கோகுலகிருஷ்ணன் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. மறுபடியும் நின்றது. பிறகு எதுவுமே வரவில்லை.

இருசம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கம்மா, போனையே பாத்துக்கிட்டிருக்கீங்க? பல்லுக்குள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா?"